இஞ்ஞாசிமுத்து சேர்த்த கால் நூல்

புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் தச்சு வேலை பார்த்த இஞ்ஞாசிமுத்துவுக்கு, 1987இல் சுங்கை பட்டாணியின் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கதவும் சவப்பெட்டியும் செய்த மனிதர், ஜப்பானிலிருந்து வந்த லேசர் வெட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டக் குடியிருப்பான லயத்து ஜனங்கள் ‘கம்ப்யூட்டர் முத்து’ என்று கேலி செய்தார்கள். அவருக்கு அது கேலியாகவே படவில்லை, உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

ரேடியோப் பெட்டிகளின் முகப்புக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி வெட்டுவதுதான் அங்கே வேலை. வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தைப் பார்த்து முத்து அளவுகளை ஒரு சீட்டில் எழுதுவார். சுலைஹா அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவாள். ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் மூசாவின் மகள் அவள். இருபத்திரண்டு வயது, வேலையில் கெட்டி.

முதல் மாதமே கோளாறு வந்தது. வெட்டின கண்ணாடி எதுவும் சட்டத்துக்குள் உட்காரவில்லை. எல்லாம் கொஞ்சூண்டு பெரிசு. மேனேஜர் லிம் பினாங்கிலிருந்து இஞ்சினியரை வரவழைத்தார். அவன் லென்ஸைத் துடைத்தான், பெல்ட்டை இறுக்கினான், கடைசியில் தானே நூறு மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைத் தட்டி வெட்டிப் பார்த்தான். அச்சாக நூறு.

“மெஷின் ஓகே, புரோகிராமும் ஓகே. நம்பர் தட்டுறவங்களப் பாருங்க,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான்.

லிம் முத்துவைப் பார்த்தார். முத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சின்னப் பொண்ணு பாஸ், கை தவறியிருக்கும்லா,” என்றார். பெரிய மனுஷத்தனமாக, மன்னித்துவிடுகிற தொனியில் வேறு. சுலைஹா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். மறுநாள் அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

புது ஆள் வரும்வரை முத்துவே ஒற்றை விரலால் தட்டினார். அப்போதும் கண்ணாடி பெரிசு. இந்தத் தடவை பழி போட ஆள் இல்லை. வரைபடத்தையும் தன் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே 180. இவர் சீட்டில் 181.6.

இரம்பம் தின்கிற மரத்துக்காகக் கோட்டுக்கு வெளியே கால் நூல் விட்டு அறுப்பது தோட்டத்துத் தச்சனின் கைப்பழக்கம். கால் நூல் என்பது புள்ளி எட்டு மில்லிமீட்டர். ஒவ்வொரு ஓரத்துக்கும் அதைச் சேர்த்தே எழுதியிருக்கிறார், தன்னை அறியாமலே. லேசர் தின்பதோ தலைமுடி அளவு. அதையும் புரோகிராம் தானே கணக்குப் பண்ணிக்கொள்ளும். கால் நூலை விட்டுவிட்டு வெட்டினார். கண்ணாடி சட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“பாகுஸ்லா முத்து!” என்று லிம் மெச்சி முதுகில் தட்டினார். “அந்தப் பொண்ணுதான் தப்பு, இல்லையா?”

முத்து சிரித்து வைத்தார். உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும், கம்ப்யூட்டர் முத்து மறுபடி சவப்பெட்டி முத்து ஆகிவிடுவார். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டார். வேறு நியாயம் ஒன்றும் கிடையாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போக, அவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. எழுந்து போகாதவனைக் கோயில் முழுக்கப் பார்க்கும். மூன்றாவது வாரம் அவர் மனைவி பிரிஜெட் வாசலிலேயே மடக்கினாள்.

“என்னங்க பண்ணித் தொலைச்சீங்க? பக்கத்து பெஞ்சு அக்னஸ் அக்கா எங்கிட்ட வந்து கேக்குது. எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பொட்டலப் பிரிவுக்குப் போனார். சுலைஹா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, தப்பு என்னோடது. சீட்டுல நாந்தான் அளவக் கூட்டி எழுதியிருக்கேன்.”

“தெரியும் அண்ணே.”

“தெரியுமா? அப்ப ஏம்மா வாயத் தொறக்கல?”

“மொத நாளே கேட்டேனே. ‘தாள்ல நூத்தியெம்பது இருக்கே அண்ணே, நீங்க வேற எழுதியிருக்கீங்களே’ன்னு. ‘தொழில் தெரிஞ்சவன் எழுதுறேன், சொன்னதத் தட்டும்மா’ன்னீங்க. பாஸ் கேக்குறப்ப நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.”

அவள் கேட்டது அவர் நினைவில் துளிகூட இல்லை. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே தெரியாதம்மா என்று சொல்லத் துடித்தார். அது உண்மைதான். ஆனால் மூன்று வாரம் தெரிந்தே மூடிய வாயால் அந்த உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லாமலே திரும்பி, நேராக லிம்மின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

வேலை போகவில்லை. லிம் கத்தித் தீர்த்துவிட்டு, சுலைஹாவைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார். அவள் முத்துவிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பழையபடி ‘அண்ணே’ என்றே கூப்பிட்டாள். ஆனால் அன்றிலிருந்து காலையில் அவர் சீட்டு எழுதி நீட்டியதும், வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எண்ணையும் விரலால் தொட்டு ஒப்பிட்டுவிட்டு, பேனாவை அவர் பக்கம் நகர்த்துவாள்.

“இங்க ஒரு சைன் போடுங்க அண்ணே.”

முத்து தலையை நிமிர்த்தாமல் போட்டுக் கொடுப்பார்.