நாலு ஊருக்கு ஒரே ஷீட்டு

ஒரு ஷீட்டை ஒருவர் பார்த்தால் அது கணக்கு. நாலு ஊர் சேர்ந்து பார்த்தால் அது பஞ்சாயத்து. பழவேற்காட்டில் நண்டும் இறாலும் வாங்கும் கம்பெனியில் எனக்கு இந்தப் பஞ்சாயத்துதான் உத்தியோகம். காட்டூர், சுண்ணாம்புக்குளம், எளாவூர், எங்கள் ஊர் என்று நாலு மையங்கள். அவரவர் போனிலிருந்தே அன்றன்றைய சரக்கை ஒரே ஷீட்டில் ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் லாரி கிளம்பும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

காட்டூரில் நண்டு

எந்த ஊரில் நண்டு அதிகம் என்று சட்டென்று தெரியட்டுமே என்று, ஒருநாள் நண்டு எடையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். எடை மட்டும் வரிசைக்கு வந்தது. ஊர்ப் பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றன. முதல் வரியில் இருந்த காட்டூருக்குச் சுண்ணாம்புக்குளத்து நண்டு முழுக்கப் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. லாரி காலி நண்டுப் பெட்டிகளோடு நேராகக் காட்டூர் போய் நின்றது.

காட்டூர் மையத்தை நடத்தும் தேவராஜ், பண்ணை இறால் மட்டும்தான் வாங்குவார். மீதி நேரத்தில் விவசாயம். சேற்றுக் காலோடு வயலிலிருந்து எனக்குப் போன் போட்டார். "பாய், நான் நெல்லுதான் நட்டேன். நண்டு மொளச்சா சொல்லியனுப்பறேன், இப்ப லாரிய கூப்ட்டுக்கோ."

எளாவூர் செக்போஸ்ட்

எங்கள் லாரி டிரைவர் நாகையாவுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. செக்போஸ்டில் ஒருநாள் சரக்கு விவரம் கேட்டபோது, போனில் ஷீட்டைத் திறந்து பெருமையாக நீட்டியிருக்கிறார். அதே நேரத்தில் நான் பழவேற்காட்டில் உட்கார்ந்து, இறால் எடை தப்பாக ஏறியிருக்கிறதே என்று அந்த வரியை அழித்துக்கொண்டிருந்தேன். அதிகாரியின் கண்ணெதிரே எண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

நாகையா ஓடிப்போய் லாரிக் கதவைத் திறந்து பெட்டிகளைக் காட்டினார். நல்லவேளை, வந்த அதிகாரி சிரிக்கத் தெரிந்தவர். "லாரி இங்க நிக்குது, எறா மட்டும் எங்கய்யா எறங்கிப் போவுது?"

காலியாகவே இருந்த கட்டம்

சென்னையிலிருந்து மேனேஜர் ஷீட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'நாளை எத்தனை கிலோ வரும்?' மதியமே அதை நிரப்ப வேண்டும். மற்ற மூன்று ஊரிலும் வாய்க்கு வந்ததை நிரப்பினோம். சுண்ணாம்புக்குளம் மட்டும் காலி. பத்து நாள் பார்த்துவிட்டு மேனேஜர் சொல்லிவிட்டார், மாதக் கடைசிவரை காலியாக இருந்தால் அங்கே மையமே வேண்டாம் என்று. மையம் போனால் அதை நடத்தும் செல்விக்கு வேலை போகும்; அந்தக் குப்பத்து நண்டுக்கு லாரியும் வராது.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். செல்வி நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "இன்னா பாய், வலையே இன்னும் தண்ணில உடல, அதுக்குள்ள எத்தினி கிலோனு யாரு சொல்லுவாங்க? எங்க நைனா ஒருநாளும் வாயத் தொறந்ததில்ல. முன்னாடியே சொன்னா வலைக்கு ஆவாது, நாங்க சொல்றதே கெடயாது" என்றார். சும்மா ஒரு எண்ணைப் போடுங்களேன் என்று கெஞ்சினேன். "பொய்யும் எழுத மாட்டேன்" என்றார். அவர் புருஷனும் பழவேற்காடு ஏரியில்தான் வலை போடுகிறார். மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒன்று கேட்டேன்: நாளைச் சரக்குக்காக இன்று கிளம்பிப் போன படகை எண்ணலாமா? அது நடந்து முடிந்த விஷயம், தாராளமாக எண்ணலாம் என்றார். அன்று மதியமே கட்டத்தில் ஏற்றினார்: 'ஏழு படகு. வாடைக் காத்து.' மேனேஜர் கிலோ எங்கே என்று குதித்தார். மாதக் கடைசிவரை பொறுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டேன். எங்கள் மூன்று ஊர் கிலோவையும் நம்பிப் போன லாரி, பாதி நாள் பாதி காலியாகத் திரும்பியது. செல்வியின் படகுக் கணக்கைப் பார்த்து நான் அனுப்பிய பெட்டி ஒருநாளும் மிஞ்சவில்லை, பத்தாமலும் போகவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் அந்தக் கட்டத்தின் தலைப்பையே மாற்றினார்: 'இன்று போன படகு எத்தனை?'

மையம் நிற்கிறது என்று சொல்ல நானே நேரில் போனேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். செல்வி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, போனில் ஷீட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். லாரி வரும் நேரத்தை நான் ஏற்றும் கட்டத்தில் விரலை வைத்தார். "அதெல்லாம் சரி பாய், நாளைக்கு லாரி ஆறு மணிக்கு வரும்னு எழுதிக்கீறியே, நீ மட்டும் எந்த தைரியத்துல எழுதுற?"

அன்றிலிருந்து லாரி வந்து நின்ற பிறகுதான் அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். நேரம் தவறவே தவறாத ஆள் என்று சென்னையில் எனக்கு இப்போது நல்ல பெயர்.