ஒருத்திக்குக் காட்ட வேண்டிய படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கற்பகமும் அவள் மகன் அருண்பாண்டியும் இரண்டு ஆட்களின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிடம் ஓடும் வீடியோ அது. கொச்சி தோப்பும்படி ஹார்பரில் செல்லதுரை என்பவர் ஐஸ் கட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலகை வழியாகப் படகுக்கு நடக்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் யாரென்று தாய்க்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது.

"தெரியாதுல்லா, அதான் மறைக்கச் சொல்லுதேன்" என்றாள் கற்பகம்.

"எம்மா, இதை நெட்ல போடப் போறதில்ல. ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் காட்டப் போறீங்க."

"அந்த ஒரு பிள்ளைக்கு ரெண்டு கண்ணு இருக்குல்லா. மறைச்சிருல."

மறைத்தான். பீடிக்காரர்களில் ஒருவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் மறைப்பு நழுவியது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திச் சரிசெய்ய நாற்பது நிமிடம் ஆயிற்று. கற்பகம் பக்கத்தில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, "இந்தா, மூக்கு தெரியுது பாரு" என்று கத்தியால் திரையைக் காட்டினாள். பிறகு வீடியோவை அவள் போனில் ஏற்றினான். கப்பையும் மத்தி மீன் கறியும் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சனிக்கிழமை திருநெல்வேலி போயிட்டு வந்திருதேன்" என்றாள்.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. வியாழக்கிழமை காலை மட்டாஞ்சேரி சந்தையில், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் சாய்ந்தபடி இருந்தாள். தூங்குகிறாள் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். இதயம் நின்றிருந்தது. வயது ஐம்பத்தாறு.

கற்பகம் சந்தையில் காய்கறி விற்றாள். கூடவே ஒரு யூடியூப் சேனல் நடத்தினாள். பெயர் 'கொச்சியில நம்ம ஆளுங்க'. ஊரடங்கு நேரத்தில், சாப்பாட்டுப் பொட்டலம் எங்கே கிடைக்கும், ஊருக்கு ரயில் எப்போது என்று தமிழ்க் கூலிக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தது. ஊரடங்கு முடிந்தது, அவள் நிறுத்தவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறார், களமசேரிக்கு எந்தப் பஸ், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று எல்லாம் அதில் வந்தது. முப்பத்தெட்டாயிரம் பேர் தொடர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும், "வணக்கம், நான் கற்பகம், மட்டாஞ்சேரி சந்தையில தக்காளி யாவாரம்" என்றுதான் தொடங்குவாள்.

தலைப்பு எழுத இரண்டு பேரும் வேண்டும். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியும், தட்டச்சு வராது. அருண்பாண்டி கொச்சியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவன். தட்டச்சு வேகம், தமிழ் எழுத்து தடுமாறும். வீடு வீடாகச் சிசிடிவி கேமரா மாட்டுவது அவன் வேலை.

"உன் கேமரா யார்ட்டல கேக்குது?" என்று அவனைச் சீண்டுவாள். "நான் ஒரு ஆளைப் படம் பிடிக்கணும்னா பத்துத் தடவை கேக்கேன். நீ சுவத்துல மாட்டிட்டு வந்துருத, அது பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கு."

ஆனால் அவளுக்கும் கேட்பதில் ஒரு பாடம் பாக்கி இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் தோப்பும்படியில் செல்லதுரையைப் படம் பிடித்தாள். தன்னைப் போலவே தென்காசிப் பக்கத்து ஆள் என்று அறிந்ததும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "தம்பி, எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "எடுங்கக்கா" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே வீடியோவின் முதல் காட்சி. ஒரே வாரத்தில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். சேனலில் வேறு எதுவும் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

எட்டாம் நாள் செல்லதுரை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"எக்கா, நீங்க கேட்டீங்க, நானும் சரின்னேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார். "ஊருல நான் ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரிக்கு உண்மை தெரியும். மவளுக்குத் தெரியாது. திருநெல்வேலியில நர்ஸிங் படிக்கா. கூடப் படிக்கிற பிள்ளைங்க வீடியோவைக் காட்டிச் சிரிச்சிருக்கு. இப்போ எங்கிட்டப் பேச மாட்டேங்கா."

"சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

"போன்ல படம் எடுக்கீங்கன்னு தெரியும். அது எங்க தெருவுக்கே போகும்னு தோணலக்கா."

அருண்பாண்டி அம்மாவை வக்கீல் சங்கர்ராமிடம் கூட்டிப்போனான். பல தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் அலுவலகத்துக்குக் கேமரா மாட்டியவன் அவன்தான். சங்கர்ராம் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"அவர் கேஸ் போட்டாலும் நிக்காது கேட்டேளா. பொது இடம். அவர் கேமராவைப் பாத்துச் சிரிக்கறார், பேர் சொல்றார். நீங்கோ ஒண்ணும் பேடிக்கண்டாம், பயமே வேண்டாம்" என்றார்.

"கேசு நிக்காதுன்னா சந்தோசம் சார். ஆனா அந்த மனுசன் எங்க வாசல்ல வந்து நிக்காரே."

அன்றே வீடியோவை நீக்கச் சொன்னாள். ஆறு லட்சம் பார்வை என்று அருண்பாண்டி ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு நீக்கினான். அதற்குள் பதினேழு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். சிலர் கீழே சிரிப்பு வாசகமும் சேர்த்திருந்தார்கள்.

அவற்றை நீக்கச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். ஆனால் செல்லதுரை தன் பெயரில் கொடுக்க வேண்டும், தன்னை ஏன் அது பாதிக்கிறது என்று எழுத வேண்டும். அதை எழுத அவருக்குக் கூச்சம். மறுபடி சங்கர்ராமிடம் போனார்கள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"படம் பிடிச்சது ஆரு?"

"நாந்தான் சார்."

"அப்போ அந்த வீடியோ உங்க சொத்தாக்கும். கேக்காம எடுத்துப் போட்டவாகிட்டே காப்பிரைட் சொல்லி எடுக்கச் சொல்லுங்கோ. அவர் பேரே அதிலே வரண்டாம்."

கற்பகத்துக்கு இது புதுமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "பாத்தியால, மனுசனோட முகத்தைக் காப்பாத்த வழி சுத்தி வளைச்சுப் போகுது. நான் புடிச்ச வீடியோவுக்கு நேரா ரோடு போட்டு வச்சிருக்கான்."

வெள்ளிக்கிழமை தோறும் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் படிவத்தை நிரப்புவான். வீடியோ தன்னுடையது என்ற உறுதிமொழி வரும் இடத்தில் அவள் நிறுத்தச் சொல்லி, முழுவதையும் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "ம், நெசந்தான், அனுப்பு" என்பாள். நாலு மாதத்தில் பதினாறு போய்விட்டது.

கடைசி ஆள் முத்துவேல், திருப்பூர்க்காரன். வீடியோ மேல் தன் குரலை ஏற்றியிருந்ததால் அது தன்னுடையது என்று வாதாடினான். கற்பகம் அவன் எண்ணைக் கண்டுபிடித்தாள். சந்தைக்குக் கிளம்பும்போது, காலை ஐந்து மணிக்கு, தினமும் கூப்பிட்டாள்.

"தம்பி, எந்திரிச்சிட்டீங்களா? கற்பகம் பேசுதேன். அந்த வீடியோ இன்னும் இருக்குய்யா. அவருக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு. பாத்துக்கிடுங்க, நாளைக்குக் கூப்பிடுதேன்."

ஒன்பதாம் நாள் அவனே முந்திக்கொண்டு கூப்பிட்டான். "எடுத்துட்டேங்கக்கா. சாமி சத்தியமா எடுத்துட்டேன். இனியாச்சும் தூங்க விடுங்க."

அன்று அவள் சந்தையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தாள். செல்லதுரைக்கு ஒரு கிலோ தக்காளி கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் கேள்வி மாறியது. "எடுக்கட்டுமா" என்பதோடு நிற்க மாட்டாள். வெட்டி ஒட்டி முடித்த வீடியோவைப் போனில் எடுத்துக்கொண்டு நேரில் போவாள். முழுதாகக் காட்டிவிட்டு, "இதை ஊருல யாரு பாக்கக் கூடாது?" என்பாள்.

இந்தக் கேள்விக்குச் சும்மா சரி என்று சொல்ல முடியாது, யோசிக்க வேண்டும். சுள்ளிக்கல்லில் புரோட்டா மாஸ்டர் நல்லசிவம், "எங்க மாமியா பாக்கணும்க்கா. கண்டிப்பாப் பாக்கணும். முடிஞ்சா பேரைச் சொல்லியே போடுங்க" என்றார். அவர் கடையில் பாத்திரம் கழுவும் மாடத்தி மட்டும் வெகுநேரம் யோசித்தாள். "எங்கம்மா பாக்கக் கூடாது. இம்புட்டு மெலிஞ்சிட்டேன்னு அழுவா." மாடத்தி வரும் இடத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, "எக்கா, இப்போ கொஞ்சம் சதை போட்டிருக்கேன், வந்து எடுங்க" என்று அவளே போன் செய்தாள்.

காட்டிக் காட்டிப் போட்டதில் மாதத்துக்கு இரண்டு வீடியோதான் வந்தது. பார்வையும் குறைந்தது. "குறைஞ்சா குறையட்டும். யாரைப் பாத்தும் வேற ரோட்டுல திரும்ப வேண்டாம்லா" என்பாள். நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் சந்தையிலிருந்து வீட்டுக்கு வர கால் மணி நேரம் போதும், அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வழியில் எல்லோரும் பிடித்து நிறுத்திப் பேசுவார்கள்.

செல்லதுரையின் மகள் இசக்கிசெல்வி ஐந்து மாதம் கழித்து அப்பாவோடு பேசத் தொடங்கினாள். சாப்பாடு, பரீட்சை, மழை எல்லாம் பேசினார்கள். வீடியோவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அவர் வேலையைப் பற்றியும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன மாதம் அவள் கற்பகத்தைக் கூப்பிட்டாள். அருண்பாண்டி பக்கத்தில் இருந்தான், ஸ்பீக்கரில் கேட்டது.

"அத்தே, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சிட்டு இருந்தாங்க. நான் முழுசாப் பாக்கவே இல்ல. எங்கப்பா என்ன வேலை செய்யுதாருன்னு இப்போ எனக்குப் பாக்கணும். அதை அனுப்புவீங்களா?"

"அனுப்ப மாட்டேன்ம்மா. அனுப்புனா அது அதும்பாட்டுக்குப் போயிரும். நேர்ல கொண்டாந்து காட்டுதேன். மொதல்ல உங்கப்பாட்ட கேக்கணும்."

கேட்டாள். செல்லதுரை இரண்டு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டார். பிறகு, "அவ மட்டும்னா காட்டுங்கக்கா" என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அருண்பாண்டி வீடியோவைத் தேடி எடுத்தான். சனிக்கிழமைக்குத் திருநெல்வேலி ரயில் டிக்கெட் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பீடிக்காரர்களை மறைத்தார்கள். வியாழக்கிழமை கற்பகம் இறந்துபோனாள்.

சேனலில் அஞ்சலி வீடியோ போடச் சொல்லிப் பலர் எழுதினார்கள். அவன் படம் இல்லாமல் இரண்டு வரி போட்டான். அவள் முகம் வருவதை யார் பார்க்கக் கூடாது என்று கேட்க அவளே இல்லை.

பதினேழாம் நாள் இசக்கிசெல்வியின் செய்தி வந்தது. 'அண்ணே, அத்தை இல்லைன்னு அப்பா சொன்னாங்க. அழுதுட்டேன். நீங்க அலைய வேண்டாம், வாட்ஸப்ல அனுப்பிருங்க.'

அருண்பாண்டி அம்மாவின் போனைத் திறந்தான். அறுபத்திரண்டு எம்பி. அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. போனை மூடிவிட்டு, காலையில் தோப்பும்படிக்குப் போனான்.

செல்லதுரை ஐஸ் கட்டியை இறக்கிவிட்டு, தோளில் போட்டிருந்த சாக்கால் முகத்தைத் துடைத்தார்.

"மாமா, அம்மா காட்டுறதுக்குத்தான் நீங்க சரின்னு சொன்னீங்க. நான் காட்டலாமா?"

"ஏ மருமவனே, இதுக்கா வேலையைப் போட்டுட்டு வந்தே? போன்ல கேட்டாப் போதாதா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "காட்டுடே. காட்டும்போது அவ மொகத்தை மட்டும் நல்லாப் பாத்துக்க. வந்து எங்கிட்டச் சொல்லணும், மறைக்காம."

"ஏதாச்சும் இடத்தை வெட்டணுமா?"

"ஒண்ணும் வெட்டாண்டாம். எப்போ போறே?"

"லீவு கேக்கணும் மாமா."

கற்பகம் பெயரில் போட்ட டிக்கெட்டின் தேதி போய்விட்டது. புது டிக்கெட் இன்னும் போடவில்லை. வீடியோ கற்பகத்தின் போனில் இருக்கிறது. இசக்கிசெல்வி அதை இன்னும் பார்க்கவில்லை.