அக்கா சவூதிக்குப் போன கதை

என் அக்கா சவூதிக்குப் போனதே இல்லை. ஆனால் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் குடியிருந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சவூதியில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பொய்யை ஆரம்பித்து வைத்தது அம்மா. அதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியது அப்பா.

அவள் போனது பாலஸ்தீனத்துக்கு. தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அங்கே சில மாதம் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய அயர்லாந்துக்கார அம்மாள் ஒருத்தி வந்திருந்தாள். அவளும் நர்ஸ்தான். அதற்கு முன்னால் பாலஸ்தீனத்தில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்திருக்கிறாள். பல நாட்டு ஆட்கள் அங்கே போய்த் தங்குவார்களாம். ஒலிவக்காய் பறிக்கும் காலத்தில் ஊர்க்காரர்களோடு தோப்புக்குப் போவார்களாம். பக்கத்துக் குன்றில் புதிதாக வந்து குடியேறியவர்கள் மரத்தை வெட்ட வந்தாலும், பட்டாளம் வந்து மறித்தாலும் நடுவில் போய் நிற்பார்களாம். கையில் கம்பு கிடையாது, கல் கிடையாது, வாயில் கெட்ட வார்த்தையும் கிடையாது. நிற்பது, பிடித்துத் தள்ளினால் உட்கார்ந்துகொள்வது, அவ்வளவுதான் வேலை. வைத்தியம் தெரிந்த ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று அந்த அம்மாள் அக்காவைக் கேட்டாள். டிக்கெட் அவர்கள் பொறுப்பு, சம்பளம் மட்டும் கிடையாது.

எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் காதில் விழவே இல்லை. சம்பளம் கிடையாது என்பது மட்டும் விழுந்தது. சும்மா வேலை செய்வதற்கு விமானம் ஏறிப் போகிற பெண்ணை விருதுநகர் பக்கத்து எங்கள் சொந்தபந்தத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வேறு சங்கடம். அவர் வேலை பார்த்தது டாங்கி செய்யும் தொழிற்சாலையில். டாங்கி செய்து சோறு போட்ட வீட்டிலிருந்து ஒருத்தி பட்டாளத்துக்கு எதிரே நிற்கப் போகிறாள் என்று வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் பயம். அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தது. கல்ஃபில் நர்ஸ் வேலை கிடைக்கும் என்று அம்மாதான் ஏஜென்டிடம் நடையாய் நடந்து எடுக்க வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு அக்கா ஒரு நாள் காலையில் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு அம்மா, பொண்ணு பெட்டியோடு எங்கே போனாள் என்று கேட்டிருக்கிறாள். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் சவூதிக்கு என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு சம்பளம், எங்கள் தம்பிக்கு அங்கே ஒரு டிரைவர் வேலை பார்த்துச் சொல்வாளா என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் அசராமல் பதில் சொன்னாள். அக்காவிடமிருந்து காகிதம் வந்தால் முதல் வேலையாகத் தபால்தலையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள். அதில் நாட்டின் பெயர் இருக்கிறதே.

அப்புறம் எதிர்வீட்டு அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அவள் நெமிலிச்சேரிக்காரி, எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“இன்னாக்கா, பொண்ணு போயி இத்தினி நாளாச்சி. ஒரு சோப்புகூடவா அனுப்பல?”

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினாள். வாசலிலேயே பர்மா பஜார். கோடாலித் தைலம், வெளிநாட்டு சோப்பு, பவுடர் டப்பா, பழச்சாறு பொடி என்று பேரம் பேசி வாங்கினாள். கடைக்காரன் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளை ரயிலிலேயே நகத்தால் சுரண்டி எடுத்தாள். மறுநாள் வீடு வீடாகப் போய், பொண்ணு ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினாள் என்று கொடுத்தாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என் சம்பளத்தில்தான் சவூதி சாமான் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அங்கே ஒருத்தி குளிரில் தோப்புக் காவல் நின்றுகொண்டிருக்கிறாள், இங்கே அவள் பேரில் பவுடர் விநியோகம் நடக்கிறது.

பருவம் முடிந்து அக்கா திரும்பி வந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். இடது மணிக்கட்டு சரியாகக் கூடாமல் கோணியிருந்தது. துப்பாக்கிக் கட்டை பட்டதாம். கையில் ஒரே ஒரு பை. அதற்குள் ஒரு பாட்டில் ஒலிவ எண்ணெய் மட்டும் இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் கொடுத்தது. அம்மா வாசலில் நின்று முதலில் கேட்டது, “பெட்டி எங்கடி?” என்பதுதான். எதிர்வீட்டு ஜன்னலில் தலை தெரிந்தது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பெற்ற பெண்ணின் கையைப் பார்க்காமல் பெட்டியைத் தேடிய கண்ணை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. துணி மடிக்கும்போது என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். பட்டாளத்துக்காரர்கள் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்களாம். இவளை ஊர்க்காரி என்று நினைத்து ஊர்ப் பெண்களோடு சேர்த்துப் பிடித்துத் தள்ளுவார்களாம். இவள் பாஸ்போர்ட்டை நீட்டினாலும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள். “என் மூஞ்சிக்கு அங்க மதிப்பில்லடி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஊர்ப் பெண்கள் இவளை உரிமையோடு அதட்டுவார்களாம், சாப்பிடு சாப்பிடு என்று. அவளுக்கு அது பிடித்திருந்தது.

மறுபடி அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பூந்தமல்லியிலிருந்து ஓர் அம்மா ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தார். கணவர் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். அந்த அம்மா அக்காவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, இது எப்படி ஆச்சு என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி. அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டாள். உடம்பு தேறி வீட்டுக்குப் போன பிறகு அந்த அம்மா சொல்லியனுப்பினார், எங்கள் பெண்களுக்கும் ஒருநாள் வந்து சொல்ல வேண்டும் என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனோம். கடைக்கு மேல் மாடியில் ஜமுக்காளம் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. அக்கா முதலில் திக்கினாள். அப்புறம் அவர்கள் கேட்கக் கேட்கப் பேச்சு வந்துவிட்டது. மரத்தில் எப்படிக் காய் பறிப்பார்கள், கீழே துணி விரிப்பார்களா, ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் வீட்டுக்கு யார் சம்பாதிப்பார்கள், அந்த மண்ணில் தண்ணீர் வசதி உண்டா, குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகும். அக்கா அந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தாள். ஆளுக்கு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக்கொண்டு முகர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி தலையில் தடவிக்கொண்டாள், எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நான் அவளை அக்காவாகப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

அந்தச் சந்தோஷம் சில வாரம்கூட நிலைக்கவில்லை. பாய் வீட்டு மாடியில் கூட்டம் நடந்தது என்று எவனோ போய் வத்தி வைத்துவிட்டான். அந்த வருஷங்களில் பூந்தமல்லியில் ஒரு முஸ்லிம் வீட்டு மாடியில் நான்கு செருப்பு கூடுதலாகக் கிடந்தாலே விசாரணைதான். பாயைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? ஆவடி நர்ஸம்மா பாலஸ்தீனத்துக்குச் சேவை செய்யப் போய்விட்டு வந்தார், பெண்களுக்கு அதைச் சொன்னார், நம் சர்க்காரே காலங்காலமாக அவர்கள் பக்கம்தானே என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் அப்பாவின் தொழிற்சாலைக்குப் போனது. செக்யூரிட்டி ஆபீஸில் கூப்பிட்டு, உங்கள் பெண் எங்கே போயிருந்தாள் என்று கேட்டார்கள். ரிடையராக அவருக்குக் கொஞ்ச காலம்தான் இருந்தது. வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன், எல்லாம் கண்முன்னால் வந்திருக்கும். சவூதிக்கு நர்ஸ் வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் அக்காவிடம் அதைச் சொன்னார். “நான் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே உன் இஷ்டம்” என்றார். இஷ்டமாம்! அதைச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்ததோ. அக்கா உண்மையைச் சொன்னால் அவர் பொய் எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுவார், வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அம்மா கொடுத்த காபியை ருசித்துக் குடித்தார். சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம்தான் அவர் முகத்தில் இருந்தது. அப்பா, குவார்ட்டர்ஸில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் என்றார். வந்தவர் வாசலில் நின்ற எதிர்வீட்டு அம்மாவையே கேட்டார். அவள் சத்தியமாக அது உண்மை என்று நம்பியவள்.

“ஆமா சார், சவூதிதான். எங்க ஊட்டுக்குக் கோடாலித் தைலம்கூட குட்த்தாங்க. தோ, இன்னும் பாதி பாட்டில் கீது.”

பாஸ்போர்ட் எங்கே என்றார். மறுபடி போவதற்காக ஏஜென்டிடம் கொடுத்திருக்கிறோம் என்று அம்மா சொன்னாள். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அவர் மேலே கேட்கவில்லை. கடைசியாக அக்கா பக்கம் திரும்பினார்.

“பூந்தமல்லி பாய் நீ பாலஸ்தீனம் போனேன்னு சொல்றாரு. நீ சொல்லும்மா, எங்க போயிருந்தே?”

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சவூதிக்கு சார்” என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு எழுந்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரம் ஏற்றினாள். அக்கா சமையலறையில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த வீட்டில் இருந்த எல்லோரையும் உலுக்க வேண்டும்போல இருந்தது.

அவள் சொன்ன அந்த வார்த்தை எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நர்ஸ் பாலஸ்தீனத்துக்குப் போகவே இல்லை என்றால் பாய் சொன்னது பொய். பொய் என்றால் அன்றைக்கு மாடியில் நடந்தது என்ன கூட்டம்? யார் வந்தார்கள்? என்ன பேசினார்கள்? பாயை ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்டார்கள். அதன் பிறகு வாராவாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பூந்தமல்லிப் பெண் சொல்லித்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரிந்தது.

மறுநாளே அக்கா லீவு போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.  பாய் கடையில் இல்லை. அந்த அம்மா எங்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா, நான் இப்போதே ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“வேணாம் நர்ஸம்மா. இப்ப போயி சொன்னா நாங்கதான் உங்கள மெரட்டி சொல்லவச்சோம்னு ஆயிடும். உங்களுக்கு அப்பா வேலை கீது, எனக்குப் புரியாம இல்ல.” டீயை அக்கா பக்கம் நகர்த்திவைத்தார். “ஆனா ஒண்ணும்மா. நாங்க நெசத்தையே சொன்னாலும் அவங்க நம்பறதில்ல. அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க.”

 டீ ஆறிப்போனது. வீட்டுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அக்கா, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அந்த மலைக்கிராமத்தில் ஒரு பெரியவரின் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். இவளும் அயர்லாந்து அம்மாளும் அவரோடு போலீஸுக்குப் போனார்கள். வெட்டியவர்களைக் கண்ணால் பார்த்தேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் எதிரே உட்கார்ந்திருந்தவன் பேனாவைத் தொடவில்லை. நானும் பார்த்தேன் என்று இவள் சொன்னாள், அப்போதும் தொடவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மாள் நானும் பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தான்.

“அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குத்தான்டி ஆள் வேணும் அங்க” என்றாள். “நான் சொன்னா எடுபடாதேன்னு அன்னிக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா?”

 எனக்கு அவள்மேல் ஆத்திரமாக இருந்தது, அவளுக்காக அழுகையாகவும் வந்தது. ஆவடி பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவள் அந்த ஊரைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அப்பா நல்ல பெயரோடு ரிடையரானார், தொழிற்சாலையில் மாலை போட்டு அனுப்பினார்கள். பாய் அப்போதும் வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.