பஸ் அதேதான், இன்ஜின் வேற

“…சொன்னேனா இல்லையா, நீங்களே சாருக்குச் சொல்லுங்க அண்ணா” என்று அவள் என்னைப் பார்த்தாள். மேனேஜரும் பார்த்தார். வெளியே லாரியில் நாங்கள் செய்த கியர்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவற்றை மெஷினில் அளந்து நான் எடுத்துத் தரவேண்டிய ரிப்போர்ட் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது.

அவள் எங்கள் ஓசூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். பாகலூர்ப் பெண். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், பிரின்டர் முரண்டு பிடித்தால் தெலுங்கு. மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட்; அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள். “உன்னாலதான் லாரி நிக்குதுன்னா பர்மனென்ட்ட மறந்துடும்மா” என்று மேனேஜர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை எனக்குப் புது லேப்டாப் கொடுத்தது அவள்தான். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிக் கற்றவன். அதனாலேயே தெரியாது என்று சொல்ல வாய் வராது.

“இதுல பிராசஸர் மாறியிருக்கு அண்ணா.”

“அதெல்லாம் தெரியும்மா.”

தெரியாது. அவளுக்கும் அது புரிந்திருக்கும். “பாக்க அதே பஸ்சுதான் அண்ணா, இன்ஜின் வேற. பழைய ஸ்பேர் எல்லாம் உக்காராது. உங்க அளவு மெஷின் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. ஒரு வாரம் ரெண்டு லேப்டாப்பையும் வச்சு ஓட்டிப் பாருங்க, அப்புறமா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க” என்றாள்.

பழையதை அவளிடமே கொடுத்துவிட்டு அங்கேயே போட்டேன். ‘எல்லாம் சரிபார்த்தேன்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் வேறு. அவ்வளவு மெல்லிய லேப்டாப்பைக் கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற அவசரம் எனக்கு.

யாராவது அழகாக ஒன்று சொன்னால் சட்டைப்பை நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். அவள் சொன்ன இன்ஜினையும் எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? பஸ்ஸில் என் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டேன். “அண்ணன் வாய்க்குள்ளயே ஸ்பேர் கடை வச்சிருக்காரு” என்று ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

திங்கள் காலை அளவு மெஷினின் கேபிளைச் சொருகினேன். இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரு வரி வந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே வரி. மேனேஜர் வந்து கேட்டதும், “கம்ப்யூட்டர் பிரிவுல இப்படித்தான் குடுத்தாங்க சார்” என்றேன். அவளைக் கூப்பிட்டார்கள்.

இப்போது அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

“ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

நோட்டு நெஞ்சுக்கு மேலேயே இருந்தது.

அவள் தன் அறைக்குப் போய் என் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த எதையும் அவள் அழிக்கவில்லை. நான் திரும்பி வருவேன் என்று தெரிந்திருக்கிறது. கேபிளை மாற்றிச் சொருகினாள். “எடுங்க அண்ணா, லாரி நிக்குது.” விசையை அழுத்தினேன். ரிப்போர்ட் வரத் தொடங்கியது.

முதல் தாள் வெளியே வந்து விழும்வரை என் பக்கத்திலேயே நின்றாள். பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த ரிஜிஸ்டரை எடுத்து, என் கையெழுத்து இருந்த பக்கத்தைத் திறந்து மேனேஜர் முன் வைத்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. என் மேசையிலிருந்த என் பேனாவை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தாள்.