இரண்டங்குலச் சரிவு

பிளாஸ்டிக் குழாய்க்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீரை வாயால் உறிஞ்சி இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் நாக்கில் படுவது புதுச் செருப்பின் ருசி, அடுத்தது பாசியின் ருசி, அதற்கும் அடுத்தது, சரியான நேரத்தில் வாயை எடுக்கத் தெரியாத மண்டூகங்களுக்கு மட்டும் கிடைப்பது, மூக்கு வழியாகப் பீய்ச்சி வெளியேறும் எரிச்சல். எனக்கு மூன்றும் கிடைத்தன, பாவாடை கட்டின பதினோராம் வயதில், ஜூனில் இறங்குகிற இடவப்பாதி மழைக்கு முந்தின ஒரு மாதம் முழுவதும், அனேகமாகத் தினமும். எங்கள் வீட்டு வொர்க்‌ஷாப்புக்குத் தூண் நட்ட காலம் அது. ஒரு தூணில் போட்ட குறியின் உயரத்தைத் தூரத்தில் இருக்கிற இன்னொரு தூணுக்குக் கொண்டுபோக அப்பா வைத்திருந்தது உள்ளே இருப்பது தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் தண்ணீர் நிறைத்து இரண்டு நுனியையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ‘லெவல் ட்யூப்’ என்று அதற்குப் பெயர். அதை உறிஞ்சி நிறைப்பதும் மறு நுனியைப் பிடிப்பதும் என் உத்தியோகம். எனக்கு அதைக் கொடுத்ததன் காரணம் என் திறமை என்று வெகுநாள் நம்பினேன். மற்ற எல்லாருடைய கையிலும் வேலை இருந்தது என்பதுதான் காரணம்.

அப்பா கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டர். அமரவிளையில் ரோட்டோரமாக ஒரு வாடகை முறி, ஒற்றை அறைக் கடை, வைத்திருந்தார். அந்த முறியின் அகலத்துக்கு ஒரு ஜன்னல் கிரில் உள்ளே நிற்கும், கேட் நிற்காது. கேட்டின் பாதி உள்ளேயும் பாதி ரோட்டிலுமாகக் கிடக்க, அப்பா அதன் மேல் குனிந்து பொறி பறக்கவிடுவார், பஸ் டிரைவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவருடைய தகப்பனாரை விசாரிப்பார்கள். ஒருநாள் கட்டட உடமைக்காரர் முறியைத் திரும்பக் கேட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அப்பா அறிவித்தார்: இனி வாடகை முறி கிடையாது, வீட்டு முற்றத்திலேயே கட்டப் போகிறோம், நாமே கட்டப் போகிறோம், நாற்பதடி நீளம், இருபத்திநாலடி அகலம். எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு அடுக்களையும். அதைப் பெயர்த்து அந்த வொர்க்‌ஷாப்புக்குள் வைத்தால் மூலையில் கோழிக்கூடு மாதிரி இருக்கும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “கொடி கெட்டித் துணி உணக்க எடம் உண்டா?” உண்டு என்றார் அப்பா. அத்துடன் திட்டம் நிறைவேறியது.

நிறைவேறாத ஒரே இடம் பெரியப்பா. அவர் வீடு முன்னால், ரோட்டை ஒட்டி. எங்கள் வீடு பின்னால். நடுவில் அவருடைய மதிலை உரசிக்கொண்டு போகிற மூன்றடி ‘எடவழி’. அப்பாவின் மூத்த அண்ணன், சபைக் கமிட்டியில் பெரிய ஆள், அம்பூரியில் ரப்பர்த் தோட்டம். தம்பி பாலராமபுரத்துத் தறிக்காரர் வீட்டில் போய், சபைக்கு வெளியே, ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டதை அவர் மன்னிக்கவே இல்லை. அம்மாவுக்குப் பெயர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் ‘நூல்காரி’ என்றே சொல்லிவந்தார். எங்கள் முற்றத்தில் கயிறு கட்டி அளவு எடுத்த அன்று வந்து நின்று பார்த்தார்.

“எலே, என்னத்துக்குலே இத்தற பெரிசு? ஆனையா கெட்டப் போற?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் சிரித்தேன். ஆனை என்றால் எனக்குப் பிடிக்கும்.

“மெஷினையெல்லாம் குடுத்துப்போட்டு அம்பூரிக்கு வா. தோட்டத்தை நோக்க ஒரு ஆளு வேணும். இந்த நூல்காரியும் நீயுமா இரும்பை நிறுத்தப் போறிய?”

“இடவப்பாதிக்கு முன்ன கூரை ஏறும்ணே.”

“ஏறல்லண்ணா?”

அப்பாவுக்கு வாய் கொஞ்சம் முந்தும். “ஏறல்லண்ணா அம்பூரிக்கு வாறேன்,” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் பெரியப்பா, “எல்லாரும் கேட்டாச்சில்லா?” என்று சாட்சி சேர்த்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மேகத்தைப் பார்க்காமல் யாரும் பல் தேய்க்கவில்லை. அம்பூரி நல்ல இடம்தான், மலையும் காற்றும் உண்டு. ஆனால் அண்ணனின் தோட்டத்தில் குடையும் பிடித்துக்கொண்டு மரத்துக்குக் காவல் நிற்கிற அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் குறுக்கே பேசாமல் ஒரு மரத்தைக்கூடத் தாண்டிப் போகமாட்டார்.

லாரி நுழையாத எடவழியில் பத்துத் தூண்களும் கூரைக்கான குழாய்களும் தகர ஷீட்டுகளும் எங்கள் தலையிலும் தோளிலுமாக வந்தன. அந்த மாதம் பெரியப்பாவின் மதிலில் உரசாத முழங்கை எங்கள் வீட்டில் இல்லை. அம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி சிமெண்ட் குழைத்தாள், அப்பா குழி எடுத்தார், நான் உறிஞ்சினேன்.

இனி என் சாதனைக்கு வருகிறேன். லெவல் ட்யூபின் வாய் திறந்திருந்தால்தான் தண்ணீர் தன் மட்டத்துக்கு ஏறி இறங்கும். விரலால் அடைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்பா இதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். ஆனால் முதல் வரிசைத் தூணிலிருந்து மதிலோரத்து இரண்டாம் வரிசைக்கு நுனியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது தண்ணீர் சிந்தினால் மறுபடியும் உறிஞ்ச வேண்டும். புதுச் செருப்பு, பாசி, மூக்கு. ஆகவே பெருவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு ஓடினேன், அடைத்தபடியே தூணில் வைத்தேன். “நின்னாச்சா மக்கா?” என்று அப்பா அங்கிருந்து கேட்டார். “நின்னாச்சு!” என்றேன். பொய்யில்லை, அது ஆடாமல் அசையாமல் நின்றது. கரித்துண்டால் கோடு போட்டேன். அந்த வரிசையின் மற்ற நாலு தூண்களுக்கும் அந்தக் கோட்டையே ஆதாரமாக வைத்துக் குறித்து, அந்த மட்டத்துக்கே இறக்கிச் சிமெண்ட் இட்டார்கள்.

கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள் ஐந்து. எங்களுக்கு அது ‘ட்ரஸ்’. ஒவ்வொன்றும் இருபத்திநாலடி, தரையில் கிடத்தி அப்பா பற்றவைத்து முடித்துவிட்டார். இனித் தூக்கித் தூண் மேல் உட்காரவைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வருவதாக அப்பா வழிச் சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. மழைக்கு முன்னால் ரப்பர் மரத்தின் வெட்டுப் பட்டையில் தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். அந்த வேலைக்குப் பன்னிரண்டு பேரையும் பெரியப்பா அம்பூரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேலை நியாயமான வேலை. நாள்தான் அவர் தேர்ந்தெடுத்தது.

அப்பா ஷீட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தெற்கே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பாகம் போலக் கறுத்திருந்தது. அம்மா அவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தாள், பின்னால் வரிசையாக ஆறு பேர். என் இரண்டு மாமாக்கள், இரண்டு மாமிகள், பக்கத்துத் தறிக்காரர் இரண்டு பேர். விடியலில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தேய்த்து முடித்த கையோடு வந்திருந்தார்கள். எங்கள் முற்றம் முழுவதும் சோற்றுக்கஞ்சி மணத்தது. தோளில் கயிற்றுச் சுருள்கள். அப்பா அவர்களுடைய மெலிந்த கைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் அம்பூரிக்கு பஸ் கிளம்புவது எனக்கே தெரிந்தது.

பெரிய மாமா அதைக் கவனித்து மச்சானிடம் சொன்னார்: “அளியா, நாங்க தெனமும் ரோட்டில ஆயிரக்கணக்குல நூலை இழுத்து நிறுத்துறோம், ஒரு நூலு தளராம. இங்க நாலு கயிறல்லே உள்ளது?”

நடந்தது இதுதான். எதிரெதிர்த் தூண்களின் தலையில் கப்பி கட்டி, ட்ரஸின் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு கயிறு. அது முன்னும் பின்னும் சாயாதபடி உச்சியிலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு கயிறு. நாலிலும் இழுப்பு ஒன்றுபோல இருந்தால் ஏறும். ஒன்று முந்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கீழே நிற்பவர் தலை இருக்காது. அம்மா நடுவில் நின்றாள். ஒவ்வொரு கயிற்றின் அருகிலும் போய் விரலால் சுண்டினாள், பாவு நூலைச் சுண்டிப் பார்ப்பது போல, சத்தத்துக்குக் காது கொடுத்தாள். “சின்னண்ணே, உன்னது தளந்திருக்கு. மைனி, ஒரு பிடி விடுங்க.” நாலு கயிறும் ஒரே சுருதிக்கு வந்ததும் பெரிய மாமா, எல்லாரும் சேர்ந்து என்ற அர்த்தத்தில், “ஒப்பம்!” என்று குரல் கொடுத்தார். எல்லாரும் ஒரு பிடி இழுத்தார்கள். மறுபடி சுண்டல், மறுபடி “ஒப்பம்!” அப்பாவும் இடையில் ஏதோ கட்டளை போட்டார். “நீங்க ஒண்ணு மிண்டாதீங்க, கேக்க மாட்டேங்குது,” என்றாள் அம்மா. என் அப்பா வாயை மூடி நான் பார்த்த முதல் தடவை அது. இரும்பு, ஒரு சேலை காற்றில் எழும்புவது போல, மேலே போய்த் தூண் தலையில் உட்கார்ந்தது.

அப்பா ஏறி ரசமட்டப் பலகையை வைத்தார். குமிழி மதில் இல்லாத பக்கமாக ஓடிப்போய் ஒதுங்கிவிட்டது. இரண்டு முறை வைத்தார். பிறகு அங்கிருந்தே என்னைப் பார்த்தார்.

“எட்டி, அண்ணைக்கி தண்ணி நின்னாச்சுண்ணு சொன்னியே?”

நான் பெருவிரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதுவே போதுமான வாக்குமூலமாகிவிட்டது.

மதிலோர வரிசை முழுவதும் இரண்டங்குலம் தாழ்ந்திருந்தது. தூண்கள் சிமெண்டில் இறுகிவிட்டன. அப்பா இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து நான் சின்ன மாமியின் பின்னால் ஒளிந்தேன். மாமி எனக்கு ஒளிய இடம் தரும் அளவுக்கு அகலமில்லை. “எல்லாம் வெட்டி எடுக்கணும். இப்பிடிச் சரிச்சு வச்சா ஆளுவ சிரிப்பாவ,” என்றார் அப்பா.

முதல் இடி தூரத்தில் உருண்டது. அம்மா அடுத்த ட்ரஸில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மழைத் தண்ணி எங்கயாவது ஓடணுமில்லா? சிரிக்கட்டும். நனையாம உள்ள வந்து நிண்ணு சிரிக்கட்டும். அடுத்ததைப் பிடிங்க.”

மூன்று மணிக்குள் ஐந்தும் ஏறின. நாலு மணிக்குள் பாதிக் கூரைக்கு ஷீட்டு போட்டார்கள். வெல்டிங் செட்டையும் டிரில்லிங் மெஷினையும் உள்ளே இழுத்து வைத்த நேரத்தில் மழை, அதற்காகவே காத்திருந்தது போல, தகரத்தில் கொட்டியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அதனால் எல்லாரும் சும்மா சிரித்துக்கொண்டு நின்றோம்.

எடவழியில் குடை ஒன்று வந்தது. ஜீப் திரும்பியிருந்தது. பெரியப்பா கூரையின் விளிம்பில், குடையை விரித்தபடியே நின்று மேலே பார்த்தார், மாமாக்களைப் பார்த்தார், கயிறுகளைப் பார்த்தார். அம்மா என்னிடம் கத்தினாள், மழைக்கு மேல் கேட்கும்படியாக:

“எட்டீ, ஆனை வந்தாச்சு! ஒரு ஸ்டூல் எடுத்துப் போடு!”

மாமிகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பெரியப்பா உட்காரவில்லை. கூரையைக் காட்டி உரக்கச் சொன்னார்: “சரிஞ்சில்லா நிக்குது.”

“நிக்குதல்லே, சேட்டா?” என்றாள் அம்மா.

 அவர் குடையை மடக்கினார்.

அப்பா அம்பூரிக்குப் போகவில்லை. தரை போடும்போதாவது மட்டத்தைத் திருத்துவார் என்று நினைத்தேன். “கூரைக்கு ஒரு லெவலும் தரைக்கு ஒரு லெவலுமா?” என்று வீம்பாக அதே குறிக்கே போட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வொர்க்‌ஷாப்பில் கீழே விழுகிற நட்டும் பேரிங்கும் தானாக உருண்டு மதிலோரத்து மூலையில் போய்ச் சேருகின்றன.

இப்போது மதில் இல்லை, எடவழியும் இல்லை. பெரியப்பா போனபின் பிள்ளைகள் விற்ற இடத்தில் மூன்று வில்லாக்கள் நிற்கின்றன. கார் வீட்டு வாசல்வரை வருகிறது. அமரவிளையில் அப்பாவின் வாடகை முறி இருந்த இடம் ரோடாகிவிட்டது. கிரைண்டர் சத்தத்தில் காது போன அப்பா யாரையும் கேட்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், அது முன்பும் அப்படித்தான். லேசர் லெவல் வந்துவிட்டது. அதை உறிஞ்ச வேண்டியதில்லை. வொர்க்‌ஷாப்பை நான் நடத்துகிறேன். வெல்டிங் கற்றது அப்பாவிடம், கயிற்றைச் சுண்டுவது அம்மாவிடம், விரலை எங்கே வைக்கக் கூடாது என்பது சொந்த அனுபவத்தில்.

போன மாதம் வில்லாக்காரர்கள் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள்: சத்தம், வீடுகளுக்கு நடுவில் இத்தனை பெரிய ஷெட் எதற்கு, வேறிடத்துக்கு மாற்றவேண்டும். விசாரிக்க வந்த இளைஞர் மரியாதையானவர். எங்கள் லைசன்ஸைப் பார்த்தார், வேலை நேரத்தைக் குறித்துக்கொண்டார். எழுதும்போது பேனா கை நழுவி விழுந்தது, உருண்டது, உருண்டுகொண்டே போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“சேச்சி, தரை சரிஞ்சு கிடக்கே?”

“ஆமா சார். நான் செய்ததாக்கும்.”

“இத லெவலாக்கி, வேற எங்கயாவது புதுசா...”

“இல்ல சார். இது இங்கயே நிக்கும்.”

மூலையில் குனிந்து கையைவிட்டேன். பேனாவும் இரண்டு நட்டும் ஒரு பேரிங்கும் வந்தன. பேனாவை அவரிடம் கொடுத்தேன். மற்றதை மறுபடியும் தரையில் விட்டேன்.