வெளிச்சத்தை முந்த முடியுமா?

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை மதுரை திருநகரில் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி, பையனை இன்ஜினீயரிங் சேர்ப்பதா பி.காம். சேர்ப்பதா, குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும்... எல்லாம் என்னிடம்தான் வரும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கோபிநாத் வந்து கேட்டதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, வெளிச்சத்தை விட வேகமாப் போறது ஏதாச்சும் இருக்கா?"

டிவி குவிஸ் நிகழ்ச்சிக்குப் பதில் எழுதிப் போடப்போகிறாரோ என்று நினைத்தேன். சிரிக்க வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

கோபிநாத் எனக்கு அடுத்த தெரு. சௌராஷ்டிரக் குடும்பம். கீழவாசல் பக்கம் சேலைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகள் வித்யா, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், போன ஐப்பசியில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அவர் மனைவி சாந்தா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார். பேச்சை எடுத்தாலே போதும் - கோபிநாத் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவாராம். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாராம். புருஷனும் மனைவியும் காய்கறி, கரண்ட் பில், கடைச் சாவி... இவ்வளவுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வெளிச்சத்தின் வேகம் எதற்கு?

கேட்கவில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். இப்போதே போகலாமா என்றார்.

தெரிந்தவர் என் பழைய பஸ் சிநேகிதர், பேராசிரியர் ரஹீம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். கோரிப்பாளையத்தில் வீடு. போன் போட்டேன். வரச் சொன்னார். மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தக் கூட்டம் மொத்தமும் பஸ்ஸுக்குள் வந்தது. மல்லிகைப்பூ, பட்டுச்சேலை, அழுகிற குழந்தை... கோபிநாத் எதையும் பார்க்கவில்லை.

ரஹீம் சாருக்கு ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு கேள்வியோடு ஆள் வந்ததில் ஏக சந்தோஷம். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. விளக்கமும் வந்தது. வெளிச்சம் ஒரு நொடியில் பூமியை ஏழு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும் என்றார். ஒரு பொருளை வேகமாகத் தள்ளத் தள்ள, மேலும் தள்ளுவது கஷ்டமாகிக்கொண்டே போகும். வெளிச்சத்தின் வேகத்தை எட்டவேண்டுமானால் உலகத்தில் இருக்கிற மொத்த சக்தியும் பத்தாது என்றார். டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்துக் காட்டினார். இதே மாதிரி நிலாவில் ஒரு ஒளிப் புள்ளியை விழவைத்துக் கையைத் திருப்பினால், அந்தப் புள்ளி வெளிச்சத்தை விட வேகமாக ஓடுவது போல் தெரியுமாம். ஆனால் அங்கே எந்தப் பொருளும் ஓடவில்லை, ஒரு சேதியைக்கூட அதில் ஏற்றி அனுப்ப முடியாது என்றார்.

கோபிநாத் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு ஒரு தடவ சொன்னா சார். நம்ம மேல பட்ட வெளிச்சம் வானத்துக்குப் போய்க்கிட்டே இருக்குமாம். ரொம்ப தூரத்துல இருந்து யாராச்சும் பாத்தா, நம்ம போன வருசம் இருந்த மாதிரி தெரிவோமாம். நெசமா சார்?"

கொள்கை அளவில் நிஜம்தான் என்றார் ரஹீம் சார். எதற்குக் கேட்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நான் போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கோபிநாத் மெதுவாகச் சொன்னார். மகளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் சாயந்தரம். மழை இல்லை, மேகம் இல்லை. கடையிலிருந்து சீக்கிரம் வந்தவர் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று அவள் கை காட்டியிருக்கிறாள். அவர் நல்லபடியாகப் பார்த்தது அதுதான் கடைசி. வீட்டுக்குள் இருந்திருந்தால் கூரை மறைத்திருக்கும். மாடியில்தானே நின்றாள்? அப்படியென்றால் அந்த வெளிச்சம் மேலேதானே போயிருக்கும்?

"அதத் தாண்டிப் போயி நின்னு திரும்பிப் பாத்தா... அவ தெரிவால்ல சார்? அதுக்குத்தேன் கேட்டேன். அத விட வேகமாப் போறது ஏதாச்சும் இருக்கான்னு."

ரஹீம் சார் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உள்ளே சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

என் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான் - ஏதாவது சொல்லிவிடுங்கள் சார். இன்றைக்கு இல்லை, நாளைக்கு ஒருத்தன் கண்டுபிடிப்பான் என்று சொல்லுங்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

அவர் சொல்லவில்லை. எழுந்து வந்து கோபிநாத் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்ல தம்பி. அத எட்டிப் பிடிக்க எதாலயும் முடியாது. அம்புட்டு தூரம் போனபெறகு அதுல முகமும் தெரியாது. உங்ககிட்ட நான் பொய் சொல்லக்கூடாது."

"ஆனா... போய்க்கிட்டுத்தான இருக்கும்?"

"அதுல கொஞ்சம் போகும். போய்க்கிட்டு இருக்கும்."

கோபிநாத் தலையாட்டினார். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மிச்சம் இருந்த டீயைக் குடித்து முடித்தார். வாரேன் சார் என்று கும்பிட்டார்.

ரஹீம் சார் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். கோபிநாத் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வீட்டு நிலைமையைச் சொல்லிவிட்டு நான் கோபமாகத்தான் கேட்டேன். ஒரு நம்பிக்கை வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொல்லலாம். சொன்னா அவரு வானத்தையே பாத்துக்கிட்டு நின்னுருவாரு. வீட்டுல இருக்குற மனுசியை யாரு பாக்குறது?"

அறிவியல் ஆறுதல் சொல்லாது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் ஆறுதல் என்று நாம் அள்ளி விடுகிற பொய்யெல்லாம் யாருக்காக? அழுகிறவருக்காகவா... இல்லை, அழுகையைப் பார்க்க முடியாத நமக்காகவா? ஸ்டாப்பில் கோபிநாத்தின் கையைப் பிடித்த ரஹீம் சார், பஸ் வருகிற வரை விடவே இல்லை. பொய் சொல்லாத ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வது வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது. திரும்பி வரும்போது கோபிநாத் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். பழங்காநத்தம் தாண்டியும் அழுதார்.

வீட்டில் சாந்தா சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். சொல்லாமல் எங்கே போனீர்கள் என்று அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டார். என்ன சொல்வது? கோபிநாத்தே சொல்ல ஆரம்பித்தார். வெளிச்சம், பேராசிரியர், மொட்டைமாடி, முடியாது என்று சொன்னது... ஒன்று விடாமல். நின்றபடியே சொன்னார். சாந்தா சுவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கிட்டு நின்னால்ல... அதை ஒரு தடவ பாக்கணும்னுதேன்."

சாந்தா இல்லையென்று தலையாட்டினார். பிறகு சொன்னார்.

"பச்சை இல்ல. யூனிபாரத்தோடதேன் மாடிக்குப் போனா. வந்ததும் மாத்தலைன்னு நான் திட்டுனேன்."

"திட்டுனியா?"

"திட்டுனேன். சிரிச்சுக்கிட்டே ஓடிட்டா."

கோபிநாத் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே கிளம்பவில்லை. என்ன சொல்லித் திட்டினாய் என்று கேட்டார். அதுவரை எனக்காகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள், நான் இருப்பதையே மறந்து சௌராஷ்டிரத்துக்கு மாறினார்கள். சாந்தா சொல்லச் சொல்ல அவர் ஏதோ கேட்டார். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பது போல இருந்தது. இல்லை, அழுகைதான். எனக்கு அந்த மொழி தெரியாது. நடுநடுவே "வித்யா, வித்யா" என்று வந்தது மட்டும் புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

இதை எழுதலாமா என்று மறுநாள் கடைக்கே போய்க் கேட்டேன். யோசித்தார். என் பேரையும் வீட்டுக்காரி பேரையும் மட்டும் மாற்றிவிடுங்கள் என்றார். சரி என்று தெருவில் இறங்கி நடந்தேன். பின்னாலேயே வந்து தோளைத் தொட்டார்.

"அண்ணே... எம் பொண்ணு பேரை மாத்திறாதீங்க."

மாற்றவில்லை.