பேய் நாடகத்தன்று பெண் பார்த்த கதை

நேற்று சாயங்காலம் பேத்தி மடிக்கணினியில் பேய்த் தொடர் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தாத்தா, அதாவது என் வீட்டுக்காரர், காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரையில் வந்த பேயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "சத்தம் இல்லன்னா பேயி இன்னா பண்ணும்?" என்று எனக்கு விளக்கம் வேறு. இந்த மனிதர் பேயைப் பார்த்துச் சிரிப்பார் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், வேப்பம்பட்டில் எங்கள் தெருவே நம்பியிருக்காது.

கணினி சூடாகி ஒரு வாசனை வந்தது. தூசி வறுபடுகிற வாசனை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு டிவியும் இப்படித்தான் மணக்கும். மரப்பெட்டி, இழுத்து மூடுகிற மரக்கதவு, காக்காய் உட்கார்ந்தாலே படத்தை ஆட்டிவிடும் ஆன்டெனா. நெல் பயிரிட்டுக்கொண்டிருந்த எங்கள் நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) தெருவிலேயே முதல் டிவி தன்னுடையது என்பதில் தாங்கமுடியாத பெருமை. யாரையும் வெளியே நிறுத்தமாட்டார். மெட்ராஸ் நிலையத்தில் வாரம் ஒரு பேய்க்கதை போட்ட நாட்களில் வீடு நிரம்பி வழியும். டியூப் லைட்டை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். இருட்டில்தானே பயம் ருசிக்கும். சோற்றுக் கிண்ணத்தோடு வந்த பிள்ளைகள் எடுத்த கவளத்தை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு பேய் நாளில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மத்தியானமே வரவேண்டியவர்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் போய், ரயில் மாறி வந்து சேர்வதற்குள் நாடகம் ஆரம்பித்துவிட்டது. நைனா டிவியை மூடப் போனார். "கதை முடியட்டும்ணா, மாப்ளயும் பாக்கட்டுமே!" என்று எல்லாரும் கத்தினார்கள். நைனாவுக்கும் உள்ளூர அதுதான் ஆசை. மாப்பிள்ளையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி விளக்கை அணைத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களை இருட்டில் உட்காரவைத்த ஒரே மனிதர் என் தகப்பனாராகத்தான் இருக்கும்.

அதற்கு முன் வந்த இரண்டு இடமும் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, ஒரு பதிலும் இல்லை. இதுவும் தட்டிப்போனால் அம்மா உடைந்துபோவாள். "காப்பி ஆறிப்பூடும், எட்த்துக்கினு போ" என்று அவள் தட்டைக் கொடுத்துத் தள்ளிவிட்டாள். சந்தன நிறப் பட்டு, தலைகொள்ளாத மல்லிகை, காலில் புதுக்கொலுசு. திரையில் ஒரு பாழடைந்த பங்களா. படிக்கட்டில் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆளைக் காணோம். சரியாக அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜல் ஜல் என்று வந்து குனிந்தேன். திரும்பினார். டிவி வெளிச்சத்தில் என் முகம்.

"ஐயோ!" என்று அலறிக்கொண்டு என் நைனாவின் மடியிலேயே போய் விழுந்தார். காபி முழுக்க அவர் சட்டையில்.

லைட்டைப் போட்டார்கள். பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை அலறினான் என்று நாளைக்குத் திருவள்ளூர் வரைக்கும் பேசுவார்கள். அப்புறம் எவன் வருவான் என்னைப் பார்க்க? எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து, சட்டையை உதறிவிட்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"கொலுசு சத்தத்துக்குத்தாங்க பயந்துட்டேன். பொண்ண இப்பத்தான் பாக்கறேன். எனக்குப் புட்ச்சிருக்கு."

வீடு அதிரச் சிரித்தார்கள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். நைனா மட்டும் என்னை உள்ளே கூட்டிப்போய் முணுமுணுத்தார்: "இன்னாம்மா, இப்டி பயந்தாங்கொள்ளியா கீறானே?"

"பயந்தத மறைக்கல பாரு நைனா. இவரே போதும்."

கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ பேய்க்கதை பார்த்தோம். ஒவ்வொன்றிலும் என் கையைப் பிடித்து வளையலை நெளித்தார். கும்மிடிப்பூண்டியில் அவர் வேலை பார்த்த, இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது.

அந்த டிவி போயிற்று, நைனாவும் போய்விட்டார். இருட்டில் ஒன்றாக அலறிய தெரு இப்போது வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறது. நேற்று அந்த வாசனை என்னை என்னவோ செய்தது. இவர் இன்னொரு தரம் அலறிக் கேட்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பீரோவிலிருந்து பழைய கொலுசை எடுத்து மாட்டிக்கொண்டு, காபியோடு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, ஜல் ஜல் என்று காலைத் தட்டினேன்.

பேத்திதான் வீலென்று கத்தினாள். அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.